குழி வெட்டிய கைக்கு ஊரில் என்ன தொழில்?

என் தாய்மாமன் சென்னையில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் வேலையில் இருந்தவர். இப்போது ஐம்பத்திரண்டு வயது. குறிஞ்சிப்பாடிக்கும் வடலூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கே திரும்பி வந்து தொழில் தொடங்கப் போகிறார். கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் பட்டாவோடு இருபது சென்ட் காலி இடம் கிடக்கிறது. என்ன தொழில் என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறவள். கடன் வாங்கி எழுந்து நின்றவர்களையும் தெரியும், வாங்கிய ஆட்டையே விற்றுத் தவணை கட்டியவர்களையும் தெரியும். மாமாவுக்காகப் போட்டுப் பார்த்த கணக்கை இங்கே எழுதுகிறேன். இதே வேலையிலிருந்து ஊர் திரும்பும் வேறு யாருக்கும் பயன்படலாம்.

லாப நட்டத்துக்கு முன்னால் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. நகரத்தில் குழி வெட்டுவது கூலி வேலை. குழிக்கு இவ்வளவு என்று பேச்சு, வேலை முடிந்தால் கையில் காசு. கிராமத்தில் அது சாதியின் பேரால் தலையில் கட்டிய வேலை. என் தாத்தாவுக்குச் சொல்லி அனுப்பினால் போயே ஆக வேண்டும், கூலி என்று வாய் திறக்க முடியாது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். மாமா சென்னைக்குப் போனதே அந்தக் கட்டிலிருந்து விடுபடத்தான். அவர் திரும்பி வரும்போது, 'நம்ம ஆளு வந்துட்டான்' என்று பழைய கணக்கைத் திறக்க நினைப்பவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. ஆகவே எந்தத் தொழிலாக இருந்தாலும் முதல் கேள்வி, அது அவரை அந்தப் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துமா என்பதுதான். லாபம் எனக்கு இரண்டாவது.

மாமாவின் சொந்த ஆசை ஆடு. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், பெரும்பாலும் இரட்டைக் குட்டி, விற்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை வேப்பூர் சந்தை இருக்கிறது, எந்த ஊர் வியாபாரியும் அங்கே வருவான். இதெல்லாம் சரிதான். ஆனால் எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கணக்கில் எடுக்காமல் யாரும் ஆடு வாங்கக் கூடாது. ஈரத் தரையில் நின்றால் குளம்பு அழுகும், சளி பிடிக்கும். மழைக்குத் துளிர்த்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வந்து காலையில் விழுந்து கிடக்கும். துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி உண்டு, பருவத்துக்கு முன்னாலேயே போட வேண்டும், தரையிலிருந்து உயர்த்திய பரண் கொட்டகை போட வேண்டும். இதைவிடப் பெரிய விஷயம், ஆடு மேய்ப்பதும் தழை ஒடிப்பதும் கடைசியில் அத்தை தலையில்தான் விழும். அத்தைக்கு முழங்கால் வலி. பத்து ஆடு வரைக்கும் பக்க வருமானமாக வைத்துக்கொள்ளலாம், அதை நம்பிக் கடன் வாங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஜேசிபி வாங்கலாம் என்று சொன்னது மாமாவின் மூத்த மகன். முப்பது லட்சத்துக்கு மேல் விலை, டீசல், ஆபரேட்டர் சம்பளம், மாதா மாதம் தவணை. வாடகைக்குக் கிடைக்கிற இயந்திரத்தை மணிக்கணக்கில் பேசி எடுத்தால் போதும். இதில் மேலே பேச எதுவும் இல்லை.

நாற்றுப் பண்ணை நல்ல யோசனைதான், ஏனென்றால் இது முந்திரியும் பலாவும் விளைகிற மண். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் தலைமுறை கண்ட மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதற்குப் பிறகு ஒட்டுக்கன்று வைத்து எழுந்த தோப்புகள் நிறைய. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 முந்திரியும், பாலூர் நிலையத்தின் பாலூர் 1 பலாவும் எல்லோரும் கேட்டு வாங்குகிற பேர்கள். ஆனால் ஒட்டுக் கட்டுவது தனிக் கைத்திறன். மாமாவுக்குத் தெரிந்தது கன்று வைக்கும் குழி. முந்திரிக்கு ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் என்றால் அவர் கைக்கு அது ஒரு வேலையே இல்லை. அந்தக் குழியை இப்போது துளைபோடும் மிஷின் நிமிடத்தில் போட்டுவிடுகிறது. கூலியும் மிஷின் கூலிக்கு இறங்கிவிட்டது.

இனி, ஊரில் பாதிப்பேர் சொல்லும் யோசனைக்கு வருகிறேன். 'சாவு வீட்டு வேலை உனக்குத் தெரியும், ஐஸ் பெட்டி வாங்கி வாடகைக்கு விடு, கூடவே சாமியானா, நாற்காலி, ஒரு குட்டியானை வண்டி' என்கிறார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டி, ஜெனரேட்டர், பந்தல் சாமான் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். 11 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 9,800 ரூபாய். வண்டி வாடகை, தூக்க இறக்க ஆள் கூலி போக ஒரு சாவுக்கு 1,500 ரூபாய் மிஞ்சுவதாக எடுத்துக்கொண்டால், தவணைக்கு மட்டுமே மாதம் ஆறு ஏழு வாடகை போக வேண்டும். தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஆறு ஏழு இறப்பு என்பது பொதுவான கணக்கு. மூவாயிரம் பேர் இருக்கும் ஊராட்சியில் வருடத்துக்கு இருபது சாவு. அதில் பாதி வீடுகள் பெட்டி எடுத்தால் பத்து வாடகை. அப்படியானால் தவணை கட்டுவதற்கே எட்டு ஊராட்சிகளில் இவர் ஒருவரிடம் மட்டும்தான் பெட்டி இருக்க வேண்டும். குறிஞ்சிப்பாடியிலும் வடலூரிலும் ஏற்கெனவே பெட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை 155377 எண்ணுக்குச் சொன்னால் இலவச அமரர் ஊர்தி வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுகிறது, அது ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் வண்டி வாடகையை நம்பி முதல் போடுகிறவருக்கு அதுவும் ஒரு கணக்கு.

கூட்டிக் கழித்தால் கொஞ்சம் நிற்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் என் முதல் கேள்வியில் இது நிற்கவில்லை. நடுராத்திரியில் பெட்டி கேட்டு போன் வரும். பெட்டியோடு போய் நின்றால் அடுத்த பேச்சு 'அப்படியே குழியையும் பார்த்துக்க' என்பதுதான். வியாபாரியாகப் போனவரை அரை மணி நேரத்தில் பழைய ஆளாக மாற்றிவிடும் வீடுகள் எவை என்று எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். இந்தத் தொழிலை வேறு யார் செய்தாலும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில், எங்கள் தெருவிலிருந்து, அவர் செய்வதை நான் விரும்பவில்லை.

கல்லறை கட்டுவது இதற்குப் பக்கத்தில் வருகிற தொழில், ஆனால் மரியாதை வேறு. வடலூர் வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. இறந்தவரைச் சுடாமல் புதைக்க வேண்டும் என்று வள்ளலார் வலியுறுத்தியதால், சன்மார்க்கக் குடும்பங்களில் சமாதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். கிறித்தவக் குடும்பங்கள் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வெள்ளையடித்து, உடைந்ததைப் பூசுவார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் அந்த வேலை நிறையக் கிடைக்கும். மாமாவுக்கு எந்த மண்ணில் எவ்வளவு நாள் கழித்து மேடை கட்டலாம் என்பது அத்துப்படி. புதுக்குழி மண் ஒரு மழை கண்டு இறங்கி அமராமல் மேடை கட்டினால் வெடிப்பு விழும் என்று எந்தக் கொத்தனாருக்கும் அவர் பாடம் எடுப்பார். ஆனால் கிரானைட் பலகையும் எழுத்து வெட்டும் பணமும் வேறு ஆட்களுக்குப் போய்விடும், நமக்கு மிஞ்சுவது மேடைக் கூலி. வருடம் முழுக்கச் சோறு போடாது.

நான் சொல்வது சிமென்ட் உறை, குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கும் வட்ட வளையம். உறையை வீட்டுப் பின்னால் வார்ப்பது, குழியை வெட்டி இறக்கியும் கொடுப்பது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை பேசுவது.

உறை எங்கே போகும் என்றால், கழிப்பறைக் குழிக்கு, குளியல் தண்ணீர் இறங்கும் உறிஞ்சு குழிக்கு, மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்கு. மழைநீர் சேகரிப்பை அரசு 2003லேயே எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கியது. தூய்மை பாரதத்தில் தனிநபர் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் கொடுக்கிறார்கள். 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடுகள் ஊர் ஊராக எழும்பியிருக்கின்றன. அந்த வீட்டுக்கெல்லாம் குழி வேண்டும். சாலையோரத்தில் உறை அடுக்கி விற்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் உறையை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். குழி வெட்ட ஆள் தேடி வீட்டுக்காரர் அலைகிறார், வந்த ஆள் கோணலாக வெட்டி, உறை சாய்ந்து, மறுபடி எடுத்து வைப்பதை நிறையப் பார்த்தாயிற்று. மாமா நுழைய வேண்டிய சந்து அதுதான்.

அவருடைய திறமையை நான் கூட்டிச் சொல்லவில்லை. ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஆறு அடி ஆழம் என்றால் ஒரு குழிக்குத் தொண்ணூற்றேழு கன அடி மண். மூன்றடி உறை ஐந்து இறக்க நாலடி விட்டம், ஆறடி ஆழம் போதும், எழுபத்தைந்து கன அடிதான். பக்கத்துக் கல்லறை சரியாமல், இரண்டு கல்லறைகளுக்கு நடுவில், இயந்திரம் நுழைய முடியாத இடத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துச் சுவரைச் செங்குத்தாக இறக்கிய கை அது. வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் ஐந்தடி சந்தில் குழி வெட்ட ஜேசிபி வராது. அங்கே இந்தக் கைதான் வேண்டும். கடலோர மணலில் பாதி வெட்டும்போதே கரை சரியும், பலகை கொடுத்துத்தான் கீழே போக வேண்டும் என்பதும் அவருக்குப் பழக்கம். மணல் பாங்கான இடத்தில் முதலில் உறையை வைத்து, உள்ளே இருந்து மண்ணை எடுக்க எடுக்க உறை தானாக இறங்கும். செம்மண் மேட்டில் முழுக் குழியும் வெட்டிவிட்டு மேலிருந்து இறக்கலாம். எந்த இடத்தில் எது என்று மண்ணைப் பார்த்தே சொல்லத் தெரிந்தவருக்கு வீட்டுக்காரர் காசு கொடுப்பார்.

எங்கள் ஒன்றியத்தில் அந்த அறிவுக்கு வேலை இருக்கிறது. வடலூர்ப் பக்கம் மேட்டுச் செம்மண், தண்ணீர் நன்றாக இறங்கும். கிழக்கே பெருமாள் ஏரிப் பாசனப் பக்கம் களிமண், பரவனாறு பொங்கினால் ஊரே தண்ணீரில் நிற்கும், 2015 வெள்ளத்தை அந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. களிமண்ணில் உறிஞ்சு குழி பேருக்குத்தான், தண்ணீர் குடிக்காது. 'ஆழமா வெட்டுப்பா, சீக்கிரம் நிறையக் கூடாது' என்று கேட்பவர்கள்தான் அதிகம். அது தப்பு. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் இரண்டு மீட்டராவது மண் இருக்க வேண்டும், குடிநீர்க் கிணறோ அடிபம்போ பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆழமான ஒற்றைக் குழியை விட, ஒரு மீட்டர் விட்டத்தில், ஒரு மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு குழி போட்டு, ஒன்று நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிடுவதுதான் நல்ல முறை. மூடிய குழியை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது மக்கி எருவாகிவிடும், அள்ளுவதற்கு ஆளும் லாரியும் தேவைப்படாது. இதை வீட்டுக்காரரிடம் பொறுமையாகச் சொல்லி, ஆழக் குழி ஆர்டரை மறுக்கும் தைரியமும் வேண்டும். மாமாவிடம் அது இருக்கிறது.

செலவுக் கணக்கு பார்ப்போம். இரண்டு இஞ்ச் கனத்தில், மூன்றடி விட்டம், ஓரடி உயரத்தில் சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவையில் வார்த்தால், ஒரு மூட்டை சிமென்டுக்கு இரண்டு உறை தாராளமாக வரும், மூன்று வராது. மூன்று நான்கு என்று இழுப்பவர்கள் கலவையை இளைக்கிறார்கள் அல்லது கனத்தைக் குறைக்கிறார்கள். உறை வார்த்த மறுநாள் அச்சைக் கழற்றிவிடலாம், ஆனால் ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஈரம் காயாமல் வைக்க வேண்டும். விற்கும் அவசரத்தில் அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓர் உறை நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். ஐம்பத்திரண்டு வயதில் அதை முதுகில் சாய்த்து உருட்டுவது நடக்காது. பாரம் தூக்கி இறக்கும் முக்காலியும் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியும் முதல் நாளே வாங்க வேண்டும், இரண்டு இளவட்டப் பையன்கள் கூலிக்கு வேண்டும், மாமா குழிக்குள் இறங்குவதை விடக் குழியின் மேல் நின்று வேலை வாங்க வேண்டும். முதல் வருடம் மூன்றடி அச்சு ஒரு ஜோடி, நாலடி அச்சு ஒன்று, மூடி வார்க்கப் பலகை. அவ்வளவு போதும். கல்லறை மேடைக்கான ஓரப் பலகைகளையும் அதே இடத்தில் வார்க்கலாம், கல்லறை கட்டும் வேலை இந்தத் தொழிலின் ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் குழி வேலை நின்றுவிடும். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறும். அந்த மாதங்களில் கூரைக்கு அடியில் வார்த்து அடுக்கலாம், ஆனால் காசு வராது. தை பிறந்த பிறகுதான் ஓட்டம். பத்து ஆட்டுக்கு நான் சம்மதிப்பதும் இந்த மூன்று மாதத்துக்காகத்தான், தீபாவளிக்கு இரண்டு கிடா விற்றால் வீடு ஓடும். கடனும் நிறையச் சொல்வார்கள், அதை வசூலிப்பது தனி வேலை. சாமான் இறக்கும்போதே பாதிப் பணம் என்று பழக்கிவிட வேண்டும்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதை நான் சத்தமாகச் சொல்கிறேன். குழி போட்டுக் கொடுத்தவரையே, நிறைந்ததும் 'வந்து எடுத்துக் கொடு' என்று கூப்பிடுவார்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் வாங்குவதற்கு மாமா எங்களுக்கு வேண்டாம், மாமாதான் வேண்டும். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் நம்பக் கூடாது. விளக்கு அணைந்தால் காற்று இல்லை என்று தெரியும், அணையாமல் எரிந்தாலும் உள்ளே விஷவாயு இருக்கலாம். பழைய குழி, பழைய கிணறு எதிலும் இறங்குவதில்லை என்பது தொழிலின் முதல் விதியாக இருக்க வேண்டும்.

கடனுக்கு வருகிறேன். உறை வார்ப்பு உற்பத்தித் தொழில் கணக்கில் வருவதால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 10 லட்சம் வரைக்கும் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். மாமா ஐந்தாம் வகுப்புதான். கிராமப்புறத்தில் ஆதிதிராவிடர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீத மானியம், கைக்காசு 5 சதவீதம் போட வேண்டும். மானியம் உடனே கையில் வராது, மூன்று வருடம் வங்கியில் உங்கள் பேரில் நிற்கும். மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டம் 2023இல் வந்தது. அதிலும் 35 சதவீத மானியம், மேற்கொண்டு வட்டியில் 6 சதவீதச் சலுகை, வயது வரம்பு 55. மாமாவுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, எனக்குப் பிடித்தது இதுதான். கல்லறைத் தோட்ட வேலையில் இருப்பவர்களில் கிறித்தவர்கள் பலர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ஆதிதிராவிடராக இருந்து கிறித்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவதால் இந்த மாநிலத் திட்டம் அவர்களுக்குக் கிடையாது. முன்னே சொன்ன மத்தியத் திட்டத்தில் சிறுபான்மையினரும் சிறப்புப் பிரிவுதான், அதே 35 சதவீதம் கிடைக்கும். மத்தியத் திட்டம் புதுத் தொழிலுக்கு மட்டும்தான். ஆர்வத்தில் முன்கூட்டியே அச்சு வாங்கி வார்க்க ஆரம்பித்துவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் 'இது நடக்கிற தொழில்' என்று தள்ளிவிடுவார்கள். முதலில் கடலூர் மாவட்டத் தொழில் மையம், அப்புறம்தான் சிமென்ட் கடை.

இவ்வளவையும் மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "பாப்பா, நம்ம தெருவுல ஒருத்தர் தவறிட்டா நான் வெட்டாம இருக்க முடியுமா?" முடியாது, இருக்கவும் வேண்டாம் என்றேன். சொந்தத்துக்கும் சிநேகிதத்துக்கும் அவர் தன் மனசுக்கு வெட்டட்டும். மற்ற எவர் கூப்பிட்டாலும் கன அடிக்கு இவ்வளவு என்று ஒரே விலை, கழிப்பறைக் குழிக்கும் அதே விலை, அதைப் பலகையில் எழுதி முன்வாசலில் மாட்டிவிட வேண்டும். பலகை எழுதும் செலவையும் திட்ட அறிக்கையில் சேர்த்திருக்கிறேன். தை மாதத்துக்குள் கடன் கைக்கு வர வேண்டுமானால் சாதிச் சான்றிதழும் பட்டா நகலும் விலைப்புள்ளியும் புரட்டாசி முடிவதற்குள் தயாராக வேண்டும்.